தோற்றவரும் ஏற்கும் தேர்தல்

நியூயார்க் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான வாக்குப்பதிவு 2016 ஏப்ரல் 19 அன்று நடந்தது. எந்தக் கட்சியையும் சாராதவராகவோ வேறு கட்சிக்காரராகவோ பதிவாகியிருந்த ஒருவர் அதில் வாக்களிக்க வேண்டுமென்றால், 2015 அக்டோபர் 9ஆம் தேதிக்குள் தன் பதிவை ஜனநாயகக் கட்சிக்கு மாற்றியிருக்க வேண்டும். அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் ஒரே மேடையில் நின்று பேசிய முதல் தொலைக்காட்சி விவாதமோ அக்டோபர் 13 அன்றுதான் லாஸ் வேகாஸில் நடந்தது. வேட்பாளர்கள் வாய் திறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே வாக்காளர் மனம் மாறுவதற்கான காலம் முடிந்துவிட்டது.

அந்த வேட்பாளர்களில் ஒருவரான பெர்னி சாண்டர்ஸின் பேச்சால் ஈர்க்கப்பட்ட, கட்சி சாராத நியூயார்க் இளைஞர்கள் பலருக்கு ஏப்ரலில் வாக்களிக்க வழியில்லாமல் போனது. எதிர்முகாமிலும் இதே கதைதான். குடியரசுக் கட்சியில் போட்டியிட்ட டொனால்டு டிரம்புக்கு அவருடைய மகள் இவாங்காவும் மகன் எரிக்கும்கூட அன்று வாக்களிக்க முடியவில்லை. இருவரும் உரிய காலத்தில் பதிவை மாற்றியிருக்கவில்லை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சாண்டர்ஸைக் குறிவைத்து எழுதப்பட்ட விதியும் அல்ல இது. ஆனால், சட்டப்படி நடந்தது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. ஒரு கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது வென்றவரைத் திருப்திப்படுத்துவது எளிது. தோற்றவரின் ஆதரவாளர்கள் “நாங்கள் தோற்றோம்; ஏமாற்றப்படவில்லை” என்று மனதாரச் சொல்ல முடிகிறதா என்பதே உண்மையான சோதனை. 2016இல் ஜனநாயகக் கட்சி அந்தச் சோதனையில் தோற்றது. வெல்லக்கூடிய ஒரு வேட்பாளரைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றது என்பதுதான் வேதனை.

கட்சியின் வீட்டு விவகாரமா?

அமெரிக்காவில் பிரைமரி எனப்படும் இந்தத் தேர்தல் பாதி அரசுடையது, பாதி கட்சியுடையது. வாக்குச்சாவடி, வாக்குச்சீட்டு, வாக்காளர் பதிவு ஆகியவை பெரும்பாலும் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை. வேட்பாளரை இறுதியாகத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கு எத்தனை பிரதிநிதிகள், அவர்களை எந்த விகிதத்தில் பங்கிடுவது, எத்தனை விவாதங்கள் என்பதையெல்லாம் கட்சி முடிவுசெய்கிறது. இந்த இரட்டைத் தன்மையைக் காட்டிக் கட்சித் தலைவர்கள் அடிக்கடி தப்பித்துக்கொள்வது உண்டு. “இது எங்கள் வீட்டு விவகாரம்” என்பது அவர்களுடைய பழைய வாதம்.

அந்த வாதம் எவ்வளவு கொடுமைக்கு இடம் கொடுக்கும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. தென்மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி வைத்ததே சட்டமாக இருந்த காலத்தில், டெக்சாஸில் அந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. கட்சி ஒரு தனியார் சங்கம், உறுப்பினர்களை அதுவே முடிவுசெய்யும் என்று வாதிட்டார்கள். ஹூஸ்டனைச் சேர்ந்த கறுப்பினப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் வழக்குத் தொடுத்தார். தர்குட் மார்ஷல் அவருக்காக வாதாடினார். 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முறையை அரசமைப்புக்கு விரோதமானது என்று தள்ளியது. உட்கட்சித் தேர்தலில் வாக்கு மறுக்கப்பட்டவருக்குப் பொதுத்தேர்தல் வாக்கு பெயரளவுக்கே மிஞ்சும் என்ற உண்மை அந்தத் தீர்ப்பால் சட்டத்தில் ஏறியது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வாதம் சாகவில்லை. 2016இல் சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் சிலர் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுமீது வழக்குப் போட்டார்கள். குழுவின் தலைவர் வேட்பாளர்களிடையே நடுநிலை காக்க வேண்டும் என்று கட்சியின் சாசனமே சொல்கிறது. அதை மீறிவிட்டார்கள் என்பது புகார். கட்சி நினைத்தால் தலைவர்கள் தனியறையில் கூடியே வேட்பாளரை முடிவுசெய்யலாம் என்று குழுவின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதிட்டார். வழக்குத் தொடுக்கும் தகுதி மனுதாரர்களுக்கு இல்லை என்று 2017 ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது. சட்டத்தில் குழு வென்றது. ஆனால், சாசனத்தில் எழுதிய நடுநிலை வாக்குறுதியைக் காப்பது தங்கள் விருப்பத்தைப் பொறுத்தது என்று நீதிமன்றத்தில் சொன்ன கட்சியைத் தொண்டர் எப்படி நம்புவார்?

தோற்றவர்கள் திருத்திய விதிகள்

இந்தத் தேர்தல் முறை இன்று ஓரளவு நேர்மையாக இருக்கிறதென்றால், அதற்குப் பெரும்பங்கு தோற்றவர்களுடையது. 1964இல் ஜனநாயகக் கட்சியின் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்கு மிசிசிப்பி மாநிலத்தின் கறுப்பின மக்கள் தங்கள் சொந்தப் பிரதிநிதிகளுடன் வந்தார்கள். வெள்ளையர் மட்டுமே கொண்ட அதிகாரபூர்வ அணிக்குப் பதிலாகத் தங்களை அமர்த்த வேண்டும் என்று கோரினார்கள். பருத்தித் தோட்டத்தில் உழைத்த ஃபேனி லூ ஹேமர், வாக்குரிமைக்காகப் பாடுபட்டதற்காகத் தான் பட்ட அடிகளை நாட்டுக்கே எடுத்துச் சொன்னார். தலைமை இரண்டு இடங்கள் மட்டும் தருவதாகச் சொன்னது. அவர்கள் மறுத்துவிட்டுத் திரும்பினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து 1968இல் இரு இனத்தவரும் கலந்த மிசிசிப்பி அணி மாநாட்டில் அமர்ந்தது.

அந்த 1968 மாநாடு வேறொரு காயத்தையும் விட்டுச் சென்றது. வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் மாநிலம் மாநிலமாக வாக்குக் கேட்டார்கள். கலிபோர்னியாவில் வென்ற இரவில் கென்னடி சுடப்பட்டார். ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி, கட்சித் தலைவர்களின் தயவில் சிகாகோவில் வேட்பாளரானார். மண்டபத்துக்கு வெளியே போர் எதிர்ப்பாளர்கள்மீது காவல்துறைத் தடியடி. உள்ளே பிளவுபட்ட கட்சி. நவம்பரில் ரிச்சர்ட் நிக்சன் வென்றார். அந்தக் கசப்பிலிருந்துதான் மெக்கவர்ன்-ஃப்ரேசர் ஆணையம் பிறந்தது. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தலைவர்களின் கையிலிருந்து வாக்காளர்களின் கைக்கு மாறியது.

தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. 1972இல் ஜார்ஜ் மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றதும் தொண்டர்களின் தேர்வைப் பற்றிய பயம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. ஹன்ட் ஆணையம் 1982இல் ‘சூப்பர் டெலிகேட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆளுநர்கள், தேசியக் குழுவினர் ஆகியோர், தங்கள் மாநில மக்கள் யாருக்கு வாக்களித்திருந்தாலும், விரும்பியவரை ஆதரிக்கலாம். 1984 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 1988இல் இரண்டாமிடம் பெற்ற ஜெஸ்ஸி ஜாக்சன், தனக்கு விழுந்த வாக்குகளின் அளவுக்குப் பிரதிநிதிகள் கிடைக்கவில்லை என்று வாதாடினார். அதன் விளைவாக 1992 முதல் எல்லா மாநிலங்களிலும் வாக்கு விகிதப்படி பிரதிநிதிகளைப் பங்கிடும் முறை கட்டாயமானது. 2008இல் பராக் ஒபாமா வேட்பாளரானதற்கு அந்த விகிதாசார முறை பெரிதும் கைகொடுத்தது.

தோற்றவரின் புகாரைப் புலம்பல் என்று ஒதுக்குவோர் இந்த வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2016இல் நடந்தது என்ன?

ஹிலாரி கிளின்டனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் நடந்த போட்டியில் கட்சி நிர்வாகம் மூன்று இடங்களில் தவறியது.

முதலாவது, விவாதங்கள். 2008 போட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட விவாதங்கள் நடந்தன. இம்முறை தேசியக் குழு ஆறு மட்டுமே அறிவித்தது. அனுமதியில்லாத விவாதத்தில் கலந்துகொண்டால் மற்றவற்றில் இடமில்லை என்றும் எச்சரித்தது. ஆறில் மூன்று விவாதங்கள் வார இறுதி இரவுகளில் வந்தன. அதிலொன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. அறிமுகமில்லாத வேட்பாளருக்கு விவாத மேடைதான் மூலதனம். அதைச் சுருக்கினால் ஏற்கெனவே புகழ்பெற்றவருக்கே ஆதாயம். இன்னொரு வேட்பாளரான மார்ட்டின் ஓ’மேலி கட்சிக் கூட்டத்திலேயே இதைக் கண்டித்தார். குழுவின் துணைத் தலைவர்களில் ஒருவரான துளசி கபார்டும் கூடுதல் விவாதங்கள் வேண்டும் என்றார். பின்னர் பதவி விலகி சாண்டர்ஸை ஆதரித்தார். எதிர்ப்பு வலுத்த பிறகே விவாதங்கள் ஒன்பதாயின.

இரண்டாவது, சூப்பர் டெலிகேட்டுகள். முதல் வாக்குப்பதிவுக்கு இரண்டரை மாதங்களுக்கு முன்பே, 2015 நவம்பரில், முன்னூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கிளின்டன் பக்கம் நிற்பதாக அசோசியேட்டட் பிரஸ் கணக்கெடுத்தது. நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் 22 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் வென்று 15 பிரதிநிதிகளைப் பெற்றார். கிளின்டனுக்குக் கிடைத்தது 9. ஆனால், அம்மாநிலத்தின் ஆறு சூப்பர் டெலிகேட்டுகள் கிளின்டனை ஆதரித்ததால் கணக்கு 15-15 என்று சமமானது. ஜூன் 7 அன்று கலிபோர்னியா வாக்களிக்கவிருந்த நிலையில், முந்தைய நாளே கிளின்டன் வேட்பாளராகிவிட்டதாகச் செய்தி வந்தது. அதுவும் சூப்பர் டெலிகேட்டுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. மறுநாள் வரிசையில் நின்றவர்களின் மனநிலையை யார் கருதினார்கள்?

மூன்றாவது, நடுநிலை. தேசியக் குழுவின் தலைவர் டெபி வாஸர்மேன் ஷுல்ட்ஸ், 2008இல் கிளின்டன் பிரச்சாரக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவராக இருந்தவர். 2016 ஜூலை 22 அன்று விக்கிலீக்ஸ் தேசியக் குழுவின் ஏறத்தாழ 20,000 மின்னஞ்சல்களை வெளியிட்டது. சாண்டர்ஸின் மத நம்பிக்கையைக் கிளறிவிட்டால் கென்டக்கியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் பலன் கிடைக்கலாம் என்று கட்சியின் நிதி அதிகாரி ஒருவர் எழுதிய கடிதமும் அவற்றில் இருந்தது. பிலடெல்பியா மாநாடு தொடங்குவதற்கு முந்தைய நாள் ஷுல்ட்ஸ் பதவி விலகலை அறிவித்தார். கட்சி சாண்டர்ஸிடம் மன்னிப்புக் கேட்டது. இடைக்காலத் தலைவராக வந்த டோனா பிரேசில் 2017இல் மற்றொன்றையும் வெளியிட்டார்: கடனில் தத்தளித்த தேசியக் குழுவுக்குப் பணம் திரட்டித் தந்ததற்குப் பதிலாக, குழுவின் தகவல் தொடர்புப் பொறுப்பாளரை நியமிப்பதில் தலையிடும் உரிமையை கிளின்டன் தரப்பு 2015 ஆகஸ்டிலேயே ஒப்பந்தத்தில் பெற்றிருந்தது. அந்த பிரேசிலேயே, தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேட்கப்படவிருந்த கேள்வியை கிளின்டன் தரப்புக்கு முன்கூட்டிச் சொன்னவர் என்பதும் வெளிவந்தது. நடுவராக இருக்க வேண்டியவர்களே ஓர் அணியின் சட்டையைப் போட்டிருந்தார்கள்.

அந்த மின்னஞ்சல்களைத் திருடியது ரஷ்ய ராணுவ உளவுத்துறை என்று பின்னர் அமெரிக்க விசாரணை கண்டது. 2018 ஜூலையில் 12 ரஷ்ய அதிகாரிகள்மீது குற்றச்சாட்டு பதிவானது. ஒரு கட்சிக்குள் இருக்கும் அநியாயம் வெளியாருக்கு ஆயுதமாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உள்ளே மறைக்க எதுவும் இருந்திராவிட்டால், திருடியவர்களுக்கு எரியவிட எதுவும் கிடைத்திருக்காது.

வாக்குகள் சொன்ன உண்மை

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொரு உண்மையையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். கிளின்டன் வாக்குகளால்தான் வென்றார். ஏறத்தாழ 1.69 கோடிப் பேர் அவருக்கு வாக்களித்தார்கள், சாண்டர்ஸுக்கு 1.32 கோடிப் பேர். மக்கள் வாக்கால் கிடைத்த பிரதிநிதிகளில் மட்டும் கிளின்டனுக்கு 350க்கும் மேல் முன்னிலை. தென்மாநிலங்களின் கறுப்பின வாக்காளர்கள், குறிப்பாகப் பெண்கள், அவரை உறுதியாக ஆதரித்தார்கள். தேர்தல் திருடப்பட்டது என்று சொல்வது அந்த வாக்காளர்களின் தீர்ப்பையே அவமதிப்பதாகும்.

சாண்டர்ஸ் தரப்பும் விதிகளைத் தன் வசதிக்கேற்பப் பார்த்தது. சூப்பர் டெலிகேட் முறை அநீதி என்று தொடக்கத்தில் முழங்கியவர்கள், கடைசிக் கட்டத்தில் அதே சூப்பர் டெலிகேட்டுகளிடம் அணி மாறச் சொன்னார்கள். டிரம்பை வெல்ல சாண்டர்ஸால்தான் முடியும் என்பது காரணம். பெரும்பான்மை வாக்குப் பெற்றவரை ஒதுக்கச் சொல்லும் கோரிக்கை அது. மணிக்கணக்கில் கூடியிருந்து முடிவெடுக்கும் காக்கஸ் முறை, வேலையையும் குழந்தையையும் விட்டுவர முடியாதவர்களை ஒதுக்கிவிடுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் மார்ச் மாத காக்கஸில் சுமார் 2.3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள்; சாண்டர்ஸ் பெருவெற்றி பெற்றார். அதே மாநிலத்தில் மே மாதம் நடந்த, பிரதிநிதிகள் எண்ணிக்கையைப் பாதிக்காத பிரைமரியில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் வாக்களித்தார்கள், கிளின்டன் வென்றார். கணக்கில் ஏறியது காக்கஸ்தான். நியூயார்க்கின் பதிவு விதியைக் கண்டித்தவர்கள் இதையும் கண்டித்திருக்க வேண்டும்.

கிளின்டனின் பக்கமும், ஒபாமாவுடன் மோதிய 2008இல், இதே தடுமாற்றத்தைக் கண்டது. கட்சியின் கால அட்டவணையை மீறி முன்கூட்டியே தேர்தல் நடத்திய ஃபுளோரிடா, மிச்சிகன் மாநிலங்களின் பிரதிநிதிகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. பின்தங்கிய பிறகு, அந்த வாக்குகளையும் எண்ண வேண்டும் என்று கிளின்டன் தரப்பு போராடியது. மே 31 அன்று கட்சியின் விதிக்குழு, தொலைக்காட்சி காமிராக்களின் முன் வெளிப்படையாக வாதம் கேட்டு, இரு மாநிலப் பிரதிநிதிகளுக்கும் அரை வாக்கு என்று முடிவுசெய்தது. எல்லோரும் மகிழவில்லை. ஆனால், முடிவு கண்ணெதிரே நடந்தது. ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் கிளின்டனே எழுந்து ஒபாமாவை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கும்படி முன்மொழிந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து பிலடெல்பியாவில் சாண்டர்ஸ் கிளின்டனுக்காக அதே கண்ணியத்தைக் காட்டினார். ஆனால், அரங்கில் இருந்த அவருடைய பிரதிநிதிகள் பலருடைய காயம் ஆறவில்லை.

பாடமும் மறதியும்

2016இன் கசப்பு வீணாகவில்லை. 2018 ஆகஸ்டில் தேசியக் குழு, மாநாட்டின் முதல் சுற்றுப் போட்டியில் சூப்பர் டெலிகேட்டுகள் வாக்களிக்கும் உரிமையை நீக்கியது. பல மாநிலங்கள் காக்கஸைக் கைவிட்டுப் பிரைமரிக்கு மாறின. நியூயார்க் 2019இல் பதிவு மாற்றக் காலக்கெடுவைத் தளர்த்தியது.

2020இல் சாண்டர்ஸ் மீண்டும் தோற்றார். மார்ச் 2 அன்று பீட் பட்டிஜெஜும் ஏமி குளோபுச்சரும் ஜோ பைடனுக்கு ஆதரவு தெரிவிக்க, மறுநாள் வாக்களித்த 14 மாநிலங்களில் பத்தை பைடன் வென்றார். இதையும் சதி என்றவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. போட்டியாளர்கள் வெளிப்படையாக ஒன்றுசேர்ந்து வாக்காளரிடம் போவது அரசியல். நடுவர் ரகசியமாக ஒரு பக்கம் சாய்வதுதான் அநீதி. இந்த வேறுபாட்டைத் தொண்டர்கள் மறக்கக் கூடாது.

ஆனால், கட்சி மறந்துவிட்டது. 2024இல் பதவியிலிருந்த பைடனின் விருப்பப்படி தேர்தல் வரிசை மாற்றப்பட்டு, அவருக்கு 2020இல் கைகொடுத்த தென் கரோலினா முதலிடத்துக்கு வந்தது. கறுப்பின வாக்காளர்களுக்கு முன்னுரிமை என்பது நல்ல காரணம்தான். ஆயினும், போட்டியிடும் ஒருவரே வரிசையை மாற்றச் சொல்வது முறையல்ல. ஃபுளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டுமே அனுப்பியதால் பிரைமரியே நடக்கவில்லை. ஜூலை 21 அன்று பைடன் விலகியபோது, வாக்காளரிடம் திரும்பிப் போக நேரம் இல்லை. தமிழகத்தில் வேர்கொண்ட ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், அந்த ஆண்டின் எந்தப் பிரைமரியிலும் வாக்குக் கேட்காமலேயே வேட்பாளரானார். திறமையும் தகுதியும் கொண்ட அவருக்கே அது பாதகம். வாக்காளரை வென்று வந்தவர் என்ற பலம் இல்லாமல் அவர் டிரம்பை எதிர்கொள்ள நேர்ந்தது.

குடியரசுக் கட்சிக்கும் இதில் பெருமைப்பட எதுவுமில்லை. 2016இல் தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்கு பெற்ற டிரம்புக்கு அம்மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் மொத்தமாகப் போனார்கள். முந்தைய நூற்றாண்டில், 1912இல், பிரைமரிகளில் பெரும்பாலானவற்றை வென்ற தியோடர் ரூஸ்வெல்ட்டை ஒதுக்கி, கட்சி இயந்திரத்தைக் கையில் வைத்திருந்த அதிபர் டாஃப்டை வேட்பாளராக்கியது அந்தக் கட்சி. ரூஸ்வெல்ட் தனிக்கட்சி தொடங்கினார். டாஃப்ட் மூன்றாமிடத்துக்குப் போனார். உட்ரோ வில்சன் அதிபரானார்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. விதிகள் போட்டி தொடங்கும் முன்பே எழுதப்பட வேண்டும்; நடுவில் மாறக் கூடாது. கட்சித் தேர்தலை நடத்துபவர்கள் எந்த வேட்பாளரிடமும் பணமோ பதவியோ பெற்றிருக்கக் கூடாது. அவர்கள் போடும் ஒப்பந்தங்கள் அன்றே வெளியாக வேண்டும். வாக்களிக்கும் நாளுக்கு அருகில் வரை பதிவுசெய்ய இடம் வேண்டும். பதவியில் இருக்கும் அதிபரும் வாக்காளரைச் சந்தித்தே வேட்பாளராக வேண்டும். தோற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: நிரூபிக்கக்கூடிய அநீதியைச் சொல்லுங்கள், திருத்தும்வரை விடாதீர்கள், தோல்வியையே அநீதி என்று சொல்லாதீர்கள்.

தனக்கு வாக்களிக்காதவர்களையும் நியாயமாக நடத்தத் தெரியாத கட்சி நாட்டை நியாயமாக ஆளும் என்று வாக்காளர் நம்ப வேண்டியதில்லை. அடுத்த அதிபர் தேர்தலுக்கான உட்கட்சிப் போட்டி தொடங்கும் முன் இரு கட்சிகளும் தங்கள் விதிகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். வேட்பாளர்கள் களத்துக்கு வந்த பிறகு செய்யும் எந்தத் திருத்தமும், அது எவ்வளவு நல்லதானாலும், யாரோ ஒருவருக்குச் சாதகமாகவே பார்க்கப்படும்.